நாலு செகண்ட் தரிசனமும் ஒரு நாள் திருச்செந்தூரும்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



நம்ம குரூப்ல வாரா வாரம் வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "ப்ரோ, திருச்செந்தூர் ஒரே நாள்ல போயிட்டு வர பிளான் இருந்தா போடுங்க." அதுக்குப் பதில் போடுற ஆள் பெரும்பாலும் நான்தான். ராத்திரி 11 மணிக்குக் கிளம்பணும், விடியக்காலை 3 மணிக்குப் போய்ச் சேரணும், கடல்ல ஒரு முழுக்கு, நாழிக்கிணறு, விஸ்வரூப தரிசனம், 8 மணிக்கு டிபன், மதியத்துக்குள்ள வீடு. எக்செல்ல போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பின் பண்ணியே வச்சிருந்தேன். வேலை சாஃப்ட்வேர்ல. எதையும் எத்தனை நிமிஷத்துல முடிக்கலாம்னு பார்க்கிற புத்தி கோயிலுக்கும் கூடவே வந்துடுது.

அந்த ஷீட்டை எடுத்துட்டேன். ஏன்னு பல பேர் தனியா கேட்டீங்க. அதைத்தான் இன்னைக்கு எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

எங்க ஊர் வத்திராயிருப்பு. வீட்டு மாடியில நின்னா மேற்கே மலைதான். சதுரகிரிக்குப் போற ஜனம் எங்க ஊரைத் தாண்டித்தான் போகும். ஆனா எங்க அப்பாவுக்கு மலையை விட கடல்தான் பெருசு. பச்சை வேட்டி கட்டி, தை மாசம் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போற ஒரு சின்ன கோஷ்டிக்கு அவர்தான் குருசாமி. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், திருநெல்வேலின்னு ஆறு நாள் நடை. இருபது வருஷத்துக்கு மேல நடந்திருக்கார். வழி முழுக்கப் பேசிக்கிட்டே வருவாராம். கால் வலிக்குதுன்னு ஒருத்தர் உட்கார்ந்தா, அந்த இடத்துக்கு ஒரு கதை வச்சிருப்பாராம். நான் ஒரு வருஷம்கூட நடந்ததில்லை. முதல்ல பரீட்சை, அப்புறம் இண்டர்வியூ, அப்புறம் லீவு இல்லை.

2024 புரட்டாசியில அப்பாவுக்கு பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை பாதி திரும்பிடுச்சு. பேச்சுதான் போச்சு. நாம சொல்றது எல்லாம் புரியும், பதில் வராது. ஆச்சரியம் என்னன்னா, "அரோகரா" மட்டும் கணீர்னு வரும். கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பிச்சு விட்டா கூடவே சொல்லுவார். ஆனா "தண்ணி கொடு"ன்னு கேட்க வராது. என் பேர் வராது. எனக்கு முதல்ல இது முருகன் செயல்னு தோணுச்சு. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் பொறுமையா விளக்கினாங்க. மனப்பாடமான பாட்டும் பிரார்த்தனையும் வேற வழியா வருமாம். புதுசா ஒரு வார்த்தையைத் தேடி எடுக்கிறதுதான் அடைபட்டுப் போச்சாம். நிறைய பேருக்கு இப்படி ஆகுமாம். "பழகின இடம், பழகின ஆளுங்க, பழகின வேலை, இதெல்லாம் காட்டுங்க. அவசரப்படுத்தாதீங்க"ன்னு சொன்னாங்க. அந்தக் கடைசி வார்த்தையை நான் காதுல போட்டுக்கல.

2025 ஜூலை 7-ல திருச்செந்தூர் கும்பாபிஷேகம் நடந்தது, எல்லாரும் நேரலையில பார்த்திருப்பீங்க. அப்பா டிவி முன்னாடி உட்கார்ந்து அழுதார். ஆடி முதல் வாரத்துல ஒரு வேலை நாளா பார்த்து, அப்பா, அம்மா, நான் மூணு பேரும் கார்ல கிளம்பினோம். மனசுக்குள்ள ஒரு கணக்கு இருந்தது. மறைக்காம சொல்றேன். கூட்டிட்டுப் போய் நிறுத்துவேன், அவர் பேச வைக்கணும். பேரம்தான். நம்மள்ல பாதிப் பேர் பக்திங்கிற பேர்ல பண்றது இதுதானே.

திருநெல்வேலி தாண்டி செய்துங்கநல்லூர் ரோட்டுல போறப்ப காலை 7 மணி. ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் நெல் வயல். நான் எண்பதுல போறேன். ஸ்ரீவைகுண்டம் வந்ததும் அப்பா டேஷ்போர்டைத் தட்டினார். இடது கையால திரும்புன்னு காட்டினார். "அப்பா, நேரமாச்சு, கூட்டம் சேர்ந்துடும்"னு சொன்னேன். மறுபடியும் தட்டினார். அம்மா பின்சீட்டுல இருந்து, "அவர் நடந்து வந்த வழிடா. நிறுத்து"ன்னாங்க.

தாமிரபரணிக் கரையில நிறுத்தினேன். அப்பா இறங்கி, தண்ணியைப் பார்த்தபடி நின்னார். கிட்டத்தட்ட அரை மணி நேரம். எனக்கு உள்ளுக்குள்ள கடிகாரம் ஓடுது. அப்புறம்தான் உறைச்சது. இது குமரகுருபரர் ஊர் இல்லையா!

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஸ்ரீவைகுண்டத்துல பிறந்த பிள்ளை, அஞ்சு வயசு வரைக்கும் பேசல. தாய் தகப்பன் தூக்கிக்கிட்டுத் திருச்செந்தூருக்குப் போய் விரதம் இருந்தாங்க. முருகன் அருளால வாய் திறந்து, அந்தச் சின்ன வயசுலயே கந்தர் கலிவெண்பா பாடினார்னு வரலாறு சொல்வாங்க. அந்தக் கதையில நாம எப்பவும் கடைசியில நடந்ததைத்தான் பிடிச்சுக்கிறோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. பேசாத பிள்ளையோட அஞ்சு வருஷம் வாழ்ந்த பெத்தவங்க. வண்டி வாகனம் இல்லாத காலத்துல இந்த ஆத்தோரமா, இந்த வாழைத் தோட்டம் வழியா அவனைக் கொண்டு போனவங்க. போற வழியெல்லாம் அந்த அம்மா பிள்ளைகிட்ட என்ன பேசியிருப்பா? "இந்தா பாரு கொக்கு, இந்தா பாரு தண்ணி"ன்னுதானே சொல்லியிருப்பா? நான் காலையில இருந்து அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசல. அவர் பேசணும்னு வேண்டிக்க மட்டும்தான் போய்க்கிட்டிருந்தேன்.

அதே ஊர்லதான் இன்னொண்ணும் நடந்தது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சே, அந்த வெள்ளம். திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்குக் கீழ இருந்த ஜல்லியும் மண்ணும் அடிச்சுட்டுப் போனதால ஸ்ரீவைகுண்டத்துலயே நின்னுடுச்சு. ஏறத்தாழ 800 பயணிகள், அதுல நிறைய பேர் முருகனைப் பார்த்துட்டுத் திரும்பின நம்ம ஆளுங்க. 19-ஆம் தேதி மீட்புப் படை வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும், தங்க இடம் காட்டி, இருந்த அரிசியைப் போட்டுச் சமைச்சுக் கொடுத்தது சுத்துப்பட்டு ஊர்க்காரங்க. அவங்க வீட்டுக்குள்ளயே தண்ணி நின்ன நேரம் அது. அப்ப அப்பா நல்லா இருந்தார். ரெண்டு நாளும் போனும் கையுமா இருந்தார். பாதயாத்திரையில சோறு போட்ட வீடு, படுக்கத் திண்ணை கொடுத்த வீடுன்னு ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பார்த்தார். லைன் கிடைக்கல. அந்த வழியில அவருக்கு ஆட்களைத் தெரியும். எனக்கு டோல்கேட்தான் தெரியும்.

இந்த இடத்துல கொஞ்சம் தமிழ்ப் பாடம். பத்துப்பாட்டுல முதல் நூல் நக்கீரரோட திருமுருகாற்றுப்படை. ஆற்றுப்படைன்னா என்ன? ஏற்கெனவே போய்ப் பரிசு வாங்கினவன், எதிர்ல வர்றவனுக்கு "இப்படிப் போ"ன்னு வழி சொல்றது. மத்த ஆற்றுப்படைகள்ல வள்ளல்கிட்ட போய் பொருள் வாங்க வழி. இதுல முருகன்கிட்ட போய் அருள் வாங்க வழி. ஆக, நம்ம ஆளைப் பத்தின அவ்வளவு பழைய நூல் ஒரு வழிகாட்டி! நான் எக்செல்ல பண்ணதும் அதுதான்னு பெருமைப்பட்டுக்கலாம்னு பார்த்தா, முடியாது. சிறுபாணாற்றுப்படை மாதிரி நூல்கள்ல கடற்கரை ஊர் எப்படி இருக்கும், முல்லை நிலத்துல யார் இருப்பாங்க, வயக்காட்டு ஊர்ல என்ன சாப்பாடு போடுவாங்கன்னு எல்லாம் வரும். எத்தனை மணி நேரம்னு வராது. அலைவாய்ன்னு திருச்செந்தூருக்குப் பழைய பேர். அலையோட வாய்ல இருக்கிற ஊர். ஆறு படைவீட்டுல கடற்கரையில இருக்கிறது இது ஒண்ணுதான். குறிஞ்சிக் கடவுள் தன் மலையை விட்டுட்டு, அடுத்த நிலத்துக்குப் பயணம் வந்து தங்கின இடம்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்புறம் நான் மேப்பை அணைச்சுட்டேன். அப்பா கை காட்டின பக்கம் ஓட்டினேன்.

அவர் கூட்டிட்டுப் போனது தேரிக்கு. திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழிப் பக்கம். எத்தனை பேர் பார்த்திருக்கீங்க? கடல்ல இருந்து கொஞ்ச தூரத்துல, குங்குமத்தைக் கொட்டி வச்ச மாதிரி செம்மணல் மேடு மேடா போகும். மணல் துகள் மேல இரும்பு ஆக்சைடு படிஞ்சதால அந்த நிறம். காத்து கொண்டு வந்து குவிச்ச மணல் அது. ஆனி ஆடியில மேற்கே இருந்து வீசுற காத்துல இன்னைக்கும் இடம் மாறும். எங்க ஊர்ல ஆடிக் காத்து மலையில இருந்து இறங்கி ஓட்டைப் பிச்சு எறியும். அதே காத்துதான் இங்க மணலை அள்ளிக் கொட்டுது. மேட்டுல நின்னப்ப மூஞ்சியில அறைஞ்சது எங்க வீட்டுக் காத்து மாதிரியே இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றச் சொல்லிக் காட்டினார். ஒன்பது மணி மணல் இளஞ்சூடா இருந்தது. அவரோட வலது கால் லேசா இழுக்கும். மணல்ல அந்தத் தடம் தனியா தெரிஞ்சது. நான் ஒரு தோள், அம்மா ஒரு தோள்.

அந்தத் தேரிக்குள்ளதான் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். பேருக்கு ஏத்த மாதிரி சுனை. இவ்வளவு மணலுக்கு நடுவுல, கடலுக்கு இவ்வளவு பக்கத்துல, நல்ல தண்ணி எப்படி? மழைத் தண்ணியை மணல் அப்படியே உறிஞ்சுக்கும். நல்ல தண்ணி உப்புத் தண்ணியை விட எடை குறைவு. அதனால கடலோர மணலுக்கு அடியில உப்புத் தண்ணிக்கு மேல நல்ல தண்ணி ஒரு படலமா மிதந்துக்கிட்டு நிக்கும். ரெண்டும் கலக்காம இருக்கிறது ஒரு சமநிலைதான். மோட்டார் போட்டு அளவுக்கு மேல இழுத்தா கீழ இருக்கிற உப்பு மேல ஏறிடும். அப்புறம் அது திரும்ப நல்ல தண்ணி ஆக வருஷக்கணக்கு ஆகும்.

இப்ப நாழிக்கிணறை நினைச்சுப் பாருங்க. கோயிலுக்குத் தெற்கே 24 அடி ஆழத்துல, கையளவு ஊத்து. சூரனோட சண்டைக்கு வந்த படைவீரர்களுக்குத் தாகம் எடுத்தப்ப முருகன் வேலால குத்தி வரவழைச்ச தண்ணின்னு ஐதீகம். நம்ம ஆளு கடற்கரைக்கு வந்து இறங்கினதும் முதல்ல கவனிச்சது கூட வந்தவங்களோட தாகத்தை. அந்தத் தண்ணியில குளிச்சுட்டு, காலி பாட்டிலையும் ஷாம்பு கவரையும் அதே மணல்ல போட்டுட்டு வர்றோம் நாம. நானும் போட்டிருக்கேன், காலேஜ்ல படிக்கிறப்ப. இப்பச் சொல்லவே கூச்சமா இருக்கு.

தேரியில இருந்து வெளிய வர்ற ரோட்டுல, பனங்காட்டு ஓரமா, ஓலைக் கொட்டகையில ஒரு அண்ணாச்சி பதநீர் வச்சிருந்தார். சீசன் முடியப் போற நேரம். உடன்குடி கருப்பட்டின்னு நாம டீக்கடையில போர்டு பார்க்கிறோமே, அந்தக் கருப்பட்டிக்கு மூலம் இதுதான். காலையிலயும் சாயங்காலமும் ஒவ்வொரு மரமா ஏறி, பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவின கலயத்தைக் கட்டிட்டு வரணும். சுண்ணாம்பு இல்லேன்னா புளிச்சுக் கள்ளாகிடும். சுண்ணாம்பு கூடினா வாய் காந்தும். அந்த அளவு பனையேறியோட கையிலதான் இருக்கு.

அண்ணாச்சி எங்க அப்பாவை உத்துப் பார்த்தார். "குருசாமி தானே? தை மாசம் ஏன் வரல?"ன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல. பனை ஓலையை மடிச்சுப் பட்டை பிடிச்சு, அதுல பதநீரை ஊத்தி, அப்பாவோட இடது கையில கொடுத்தார். நான் "அப்பாவுக்கு டம்ளர்ல..."ன்னு ஆரம்பிச்சேன். அண்ணாச்சி, "பட்டையில குடிச்ச மனுசன் தம்பி. விடுங்க"ன்னார்.

அப்பா ஒரு வாய் குடிச்சார். கண்ணை மூடினார். இன்னொரு வாய். அப்புறம் அண்ணாச்சியைப் பார்த்து, உதட்டைக் குவிச்சு, தடுமாறி, சொன்னார்.

"சு... சுண்ணாம்பு."

அண்ணாச்சி சிரிச்சுட்டார். "ஆமா குருசாமி, இன்னைக்கு ஒரு பொட்டு கூடிப் போச்சு. எம் மவன் தடவினது."

அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

இதை அதிசயம்னு தலைப்பு போட்டு ஃபார்வேர்ட் பண்ணாதீங்க, தயவு செஞ்சு. அதுக்கு முன்னாடி பத்து மாசமா அந்த மேடம் வாரம் மூணு நாள் அப்பாகூட உட்கார்ந்து உழைச்சிருக்காங்க. அப்பா தினமும் கண்ணாடி முன்னாடி வாயை அசைச்சிருக்கார். அந்த நாளுக்கு அப்புறமும் முழு வாக்கியம் வரல. மருந்தையும் பயிற்சியையும் நிறுத்திட்டு வேண்டுதல் மட்டும் வச்சுக்கலாம்னு இந்தப் பதிவைப் படிச்சு யாராவது முடிவெடுத்தா, அந்தப் பாவம் என்னையும் சேரும். நான் சொல்றது வேற. நான் கோயில் வாசல்ல கிடைக்கும்னு நினைச்சு ஓடினது, வழியில ஒரு ஓலைக் கொட்டகையில இருந்தது. என் ஷீட்ல அந்தக் கொட்டகைக்கு வரிசையே கிடையாது.

அப்புறம் கோயிலுக்குப் போனோம். வயசானவங்களுக்கான வழியில அப்பாவைக் கூட்டிட்டுப் போனோம். தரிசனம் எனக்கு எப்பவும் போல நாலு செகண்ட். ஆனா இந்த முறை ஒண்ணைக் கவனிச்சேன். மூலவர் கையில பூ இருக்கும். சூரசம்ஹாரம் முடிஞ்சு சிவபூஜை பண்ற கோலம் அது. போர்ல ஜெயிச்ச உடனே அவர் ஊர் திரும்பல. கடலைப் பார்த்து நின்னு, நிதானமா பூஜையில இருக்கார். அவர் பூஜை இன்னும் முடியல. நாம எட்டிப் பார்த்துட்டு எட்டு மணி டிபனுக்கு ஓடுறோம். அப்பா "அரோகரா"ன்னார். நான் எதுவும் கேட்கல. கேட்கணும்னு போனது ஞாபகமே வரல.

கடற்கரை பத்தி மட்டும் கொஞ்சம் கண்டிப்பா சொல்லிடறேன், ஏன்னா நம்ம பசங்கதான் அங்க ஆபத்துல மாட்டறாங்க. 2025 ஜனவரியில அலை மணலை அரிச்சுப் பள்ளம் விழுந்தது செய்தியில வந்தது. மணல் போனா அடியில இருக்கிற பாறை வெளிய வரும், பாசி பிடிச்சுக் கிடக்கும், காலைக் கிழிக்கும். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிக் கடல் உள்வாங்கும்போது, "கடலே வழி விட்டுச்சு"ன்னு ரீல்ஸ் எடுக்கப் பாறை மேல ஏறாதீங்க. இறங்கின தண்ணி ஏறும். போலீஸும் கோயில் பணியாளர்களும் விசில் அடிச்சா வெளிய வாங்க. கட்டியிருக்கிற துணியைக் கடல்ல விடுறது பரிகாரம்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க. அந்தத் துணி அடுத்து முழுக்குப் போடுறவர் காலைச் சுத்தும். நாங்க அப்பாவைக் கடல்ல இறக்கல. ஈர மணல்ல உட்கார வச்சோம், அலை வந்து காலைத் தொட்டுட்டுப் போச்சு. நாழிக்கிணத்துப் படி அவரால இறங்க முடியாது. நான் போய்க் கையில கொஞ்சம் பிடிச்சுட்டு வந்து தலையில தெளிச்சேன்.

வடக்கே வள்ளி குகைப் பக்கம் நிழல் இருந்தது. அங்க உட்கார்ந்திருந்தப்ப அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "நம்ம ஊர் அர்ச்சுனா நதித் தண்ணி எங்கடா போகும்?" நான் பார்த்துச் சொன்னேன். இருக்கன்குடியில வைப்பாத்தோட சேர்ந்து, தூத்துக்குடிக்கு வடக்கே இதே மன்னார் வளைகுடாவுலதான் வந்து விழுது, தண்ணி ஓடுற வருஷத்துல. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். கடல்ல ஏதோ சொந்தக்காரங்க இருக்கிற மாதிரி பார்த்தாங்க.

மாலையில நேரம் மிச்சம் இருந்தது. (ஷீட்படி நாங்க அப்ப வீட்டுல தூங்கிக்கிட்டிருக்கணும்.) கடலோரமாவே தெற்கே போனோம். குலசையில முத்தாரம்மனைக் கும்பிட்டுட்டு, மணப்பாடு வரைக்கும். 2024 பிப்ரவரி 28-ல ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினது இந்தக் குலசையிலதான். ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெற்கே விட்டா இலங்கையைச் சுத்தி வளைச்சுப் போகணும், இங்கிருந்து நேரா விடலாம். என்னை மாதிரி ஆளுக்கு அதுவும் ஒரு தரிசனம் மாதிரிதான். மணப்பாட்டுல மணல் மேட்டு மேல 1581-ல கட்டின திருச்சிலுவை ஆலயம். அங்கிருந்து பார்த்தா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அமைதியா கழி, கரை முழுக்க வள்ளங்கள். வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு பெரியவர் அப்பாவோட பச்சை வேட்டியைப் பார்த்துட்டு, "செந்தூரா?"ன்னு கேட்டுப் பக்கத்துல இடம் போட்டார். ரெண்டு பேரும் பேசாமலே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க. வெளிச்சம் போற வரைக்கும் நான் கூப்பிடல.

இப்ப ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டுல ஒரு வேலை நடக்குது. பெரிய மேப் ஒண்ணை பிரிண்ட் எடுத்துத் தரையில விரிச்சிருக்கோம். வத்திராயிருப்புல இருந்து திருச்செந்தூர் வரைக்கும் அப்பா நடந்த வழி. அவர் விரல் வைப்பார், நான் பென்சிலால குறிப்பேன். மோர் கொடுக்கிற வீடு, ராத்திரி தங்கலாம்னு சொல்ற மடம், மத்தியானம் ஒதுங்கப் புளியமர நிழல். பேர் வராத இடத்துல அம்மா ரெண்டு மூணு பேர் சொல்லுவாங்க, அவர் தலையாட்டுவார். போன வாரம் சங்கரன்கோவில் தாண்டி நான் ஒரு இடத்துல கோட்டைத் தப்பா இழுத்துட்டேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டு, "இடது"ன்னார். அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன்.

கோடு இன்னும் திருநெல்வேலிக்கு வந்து சேரல. தைக்கு லீவு எழுதிக் கொடுத்துட்டேன்.

ஓம் சரவணபவ.